நீலச்சட்டியின் எடை

— ஏனுங்கண்ணா, அதையவே அஞ்சாவது தடவையாத் தூக்கிப் பாக்கறீங்க. வேற கலரும் பாக்கல, வெலையும் கேக்கல. வேணுங்களா, வேண்டாமுங்களா?

— வெறுஞ்சட்டி இம்புட்டுக் கனம் இருக்குமா தங்கச்சி? மூடியோட சேத்து?

— வார்ப்பிரும்புங்க. மேல எனாமல் பூசியிருக்குது, அவ்வளவுதான். கனந்தான் இதுக்கு அழகே. சூடு ஏற நேரமாகும், ஏறிப்போச்சுன்னா லேசுல எறங்காது. மூடியும் கனமா இருக்கறதால ஆவி வெளிய போகாது, கறி அதோட தண்ணியிலயே வெந்துக்கும். ஊட்ல எத்தனை பேருங்க?

— நான் ஒருத்தந்தான்.

— ஒருத்தருக்கு இத்தாப்பெருசு எதுக்குங்க? அடி சின்னதா இருக்கற இந்தச் செகப்பு போதும். அடுப்பு சின்னது, சட்டி பெருசுன்னா நடுவுல மட்டும் சூடேறும். அது சட்டிக்கு நல்லதில்லீங்க.

— செகப்பு வேண்டாம். இதே அளவு, இதே நீலந்தான். இதுக்கு எடை எம்புட்டுன்னு தெரியணும். தராசு இருக்கா?

— பித்தளை, வெங்கலம்னா தராசுல வெக்கறோம். எனாமல் சட்டிய எடை கேட்டு வந்தது நீங்கதான் மொதல் ஆளுங்க. பேச்சும் நம்ம பக்கம் மாதிரி இல்லீங்களே, எந்தூருங்க?

— இப்ப காந்தலூரு. முட்டக்கோசு லோடு ஏத்திக்கிட்டு உடுமலை, பொள்ளாச்சி வழியா பாலக்காட்டுக்கு வாரேன். முந்தி சக்குபள்ளத்துக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல ஜீப்பு ஓட்டுனேன். பேரு மிக்கேல்ராஜ். போன வாரம் உங்க கடைக் கண்ணாடிக்குள்ள இந்த நீலத்தப் பாத்துட்டு நடு ரோட்டுல பிரேக்க மிதிச்சுட்டேன். பின்னால வந்த பஸ்ஸுக்காரன் வைஞ்சுட்டுப் போனான்.

— அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சுங்க. சரி, இந்தக் கோமதி கடையில கேட்டு இல்லைன்னு ஆரும் போனதில்ல. வையுங்க தராசுல. மூடியோட அஞ்சு கிலோ இருநூத்திப் பத்துங்க.

— அஞ்சு இருநூத்திப் பத்து. செத்த இரு தங்கச்சி, லாரியில ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வாரேன்.

— என்னுங்கண்ணா, கொழந்தையத் தூக்கறாப்புல சாக்குல சுத்திக் கொண்டு வர்றீங்க. அட, இதே சட்டி. ஏனுங்க இப்படி மண்ணாக் கெடக்குது? வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, சோடா உப்புப் போட்டு ஊற வெச்சா இம்புட்டும் போயிருமுங்க. கம்பி நாரு மட்டும் ஆகாது. மூடியத் தொறந்து உள்ளயும் ஒருக்கா...

— மூடியத் தொடாத.

— சரிங்க, சரிங்க. தொடல.

— கோவிச்சுக்காத. அஞ்சு வருசமா யாரும் தொட்டதில்ல, நானுந்தான்.

— தொட்டாலும் வராதுங்க. இதா பாருங்க, வாய் விளிம்புல மட்டும் பூச்சு இருக்காது, பச்ச இரும்பு. கழுவுனா ஈரம் போகத் தொடச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவோணும். மூடிக்கும் சட்டிக்கும் நடுவால ஒரு துணி மடிச்சு வெக்கோணும். இல்லாட்டித் துரு ஏறி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். இது கவ்விப் போச்சு. ஆமா, வெளிய செலந்தி வலையாட்டம் தெறிச்சிருக்குதே, அது மண்ணுல ஆனதில்லீங்களே. சூட்டுல ஆனது.

— அது என் கையால ஆனது. என் சம்சாரம் வினோ பங்களாவுல சமையலுக்கு நின்னா. மேனேஜர் வீட்டம்மா ஊரு மாறிப் போறப்ப இத அவளுக்குக் குடுத்துட்டுப் போனாக. நான் புதுத் தோசைக்கல்லப் பழக்குற மாதிரிப் பழக்குறேன்னு வெறுஞ்சட்டிய வெறகடுப்புல ஏத்திட்டேன். எண்ணெய ஊத்தி, வெங்காயத்தப் போட்டுத் தேச்சு, வீடு பூரா புகை. பொறவு ஆறுன கஞ்சித் தண்ணிய அப்படியே ஊத்துனேன். படீர்னு ஒரு சத்தம்.

— ஐயோ. இதைப் பழக்கவே வேண்டாமுங்களே அண்ணா. கண்ணாடி மாதிரிங்க இந்தப் பூச்சு. வெறுஞ்சட்டிய சூடாக்கக் கூடாது, காஞ்ச சட்டியில பச்சத் தண்ணி ஊத்தவும் கூடாது.

— அவளும் இதையேதான் சொன்னா. பங்களாவுல இப்படிச் செய்ய மாட்டாகன்னு சொல்லிக் கையப் புடிச்சா. நீ பங்களாக்காரி ஆயிட்டியோன்னு கேட்டுட்டுச் செஞ்சேன். என்னத்தச் சொல்ல. அவ பாத்தது பேசுனதுல எதையாவது நான் காதுல வாங்கியிருக்கேனான்னு யோசிச்சுப் பாக்கேன். ஒண்ணும் நெனப்புக்கு வரமாட்டேங்கு. அழுதுட்டுச் சட்டியத் தொடச்சுப் பரண்ல வெச்சுட்டா. என்னைக்கு ஒன்னய மன்னிக்கேனோ அன்னைக்குத்தான் இதுல சமைப்பேன்னு சொல்லிட்டா.

— வெளிய தெறிச்சா ஒண்ணுமில்லீங்க, தாராளமாச் சமைக்கலாம். உள்ள வெள்ளைப் பூச்சு பேந்தாத்தான் ஆகாது. அப்பறம் சமைச்சாங்களா?

— அதத் தெரிஞ்சுக்கத்தான் தங்கச்சி வந்திருக்கேன்.

— புரியலீங்க.

— அந்த வருசம் பெருமழை. நான் குமுளியில சேக்காளிகளோட இருந்தேன், மூணு நாளா வீட்டுக்குப் போகல. சாயந்தரம் அவகிட்டருந்து போன். நீலச்சட்டிய எறக்கியிருக்கேன், வந்து தொறந்து பாருன்னா. குரல்ல கோவம் இல்ல. நாளைக்கு வாரேன்னு சொன்னேன். சரின்னு வெச்சுட்டா. மறுநா வெள்ளன உருள்பொட்டல், மலையே சரிஞ்சு எறங்கிருச்சு. எங்க லயத்துல வரிசையா இருந்த வீடு மொத்தமும் மண்ணுக்கடியில.

— ஆண்டவா. டிவியில காமிச்சிருப்பாங்க. நாங்க சோத்தத் தின்னுக்கிட்டே பாத்திருப்போம்.

— ஆறாம் நாளு எங்க அடுப்பாங்கரையத் தோண்டுனாக. இந்தச் சட்டி இதே மாதிரி மூடுனாப்புல வந்துச்சு. கூப்பிடு தூரங்கூட இல்ல, பக்கத்துலயே அவளும். முகத்தப் பாக்குற மாதிரி இல்ல தங்கச்சி. கையில பச்சைக் கண்ணாடி வளையல்.

— வளையல வெச்சா அடையாளம் சொன்னீங்க?

— மாதா திருவிழாக் கடையில வாங்குனது. லயத்துப் பொம்பளைக அத்தனை பேரும் அன்னைக்கு அதே பச்சைதான் வாங்குனாக. இருந்தாலும் எங்க அடுப்பாங்கரையில வேற யாரு இருக்கப் போறா? ஆபீசரு கேட்டாரு. ஆமான்னு கையெழுத்துப் போட்டேன். கல்லறை கட்டுனேன். மாசாமாசம் மொத வெள்ளிக்கெழமை காந்தலூருலருந்து போயி மெழுகுவத்தி ஏத்துதேன்.

— அவங்க வகையில ஆருமில்லீங்களா?

— மடத்துல வளந்தவ. அவளுக்குன்னு நான் ஒருத்தந்தான் இருந்தேன். நானும் இருந்த லட்சணந்தான் சொன்னேனே.

— சட்டிய அப்பவே தொறந்திருக்கலாமுங்களே.

— தொறந்து உள்ள கொழம்பு இருந்தா, அவ என்னய மன்னிச்சுட்டுச் சமைச்சு வெச்சுக் காத்திருந்தான்னு அர்த்தம். வெறுஞ்சட்டியா இருந்தா மன்னிக்காமலே போயிட்டான்னு அர்த்தம். மூடியே கெடந்தா ரெண்டுல எதுன்னு தெரியாது பாரு. சாக்குல சுத்திக் கட்டிலுக்கடியில வெச்சுட்டு, கொழம்புதான்னு நெனச்சுக்கிட்டே தூங்குவேன். ஒரு நா அயிரை மீனு, ஒரு நா கருவாடு. அது வெந்த வாசம்கூட வரும்.

— அஞ்சு வருசமா அப்படியே வெச்சிருந்தீங்க. அப்ப இப்ப மட்டும் ஏன்?

— ரெண்டு மாசத்துக்கு முந்தி கட்டில நகத்துனேன். சட்டிக்குள்ள எதோ உருண்டுச்சு. கிணுக்குன்னு ஒரு சத்தம். அன்னையிலருந்து லாரி எந்த வளைவுல திரும்புனாலும் அந்தச் சத்தம் காதுக்குள்ள கேக்கு. சட்டி வீட்டுல கெடக்கு, சத்தம் மட்டும் எங்கூட வருது. கொழம்பு உருளுமா தங்கச்சி?

— வையுங்க தராசுல. அஞ்சு கிலோ முன்னூத்தி நாப்பது. புதுச்சட்டிய விட நூத்தி முப்பது கிராம் எச்சா. அதுலயும் வெளி மண்ணு பாதி இருக்கும்.

— அப்ப வெறுஞ்சட்டி இல்ல.

— வெறுஞ்சட்டி இல்லீங்க. ஆனா கொழம்பா இருந்திருந்தா, வத்திக் காஞ்சாலும் அடியில ஒட்டித்தான் கெடக்கும். என்னைய நம்புங்க, ஒரு நாளைக்கு நாப்பது சட்டி தூக்கறனுங்க. அண்ணா, இதைத் தொறக்காம நீங்க இனித் தூங்க மாட்டீங்க. தொறக்கட்டுங்களா?

— அடுப்புல வெச்சா சட்டுன்னு வந்துருமோ?

— மறுபடியும் அதே தப்புங்களா? உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாத சட்டிய அடுப்புல ஏத்தக் கூடாதுங்க. கத்தி விட்டு நெம்பவும் கூடாது. விளிம்பச் சுத்தித் தேங்காயெண்ணெய் விட்டு, சுடுதண்ணியில நனைச்ச துணியச் சுத்தி வெப்போம். சித்த நேரம் பொறுங்க, அதுவா எளகும். டீ குடிக்கறீங்களா?

— வேண்டாம். மொதல்ல இது எளகட்டும்.

— அப்ப பேசிக்கிட்டாவது இருங்க. லயத்துல வேற ஆரும் தப்பிச்சாங்களா?

— பக்கத்து முறியில குடியிருந்த அப்புசாமி அண்ணன். அன்னைக்கு ஏலக்காய் ஸ்டோர்ல காவலுக்குப் போயிருந்தாரு. அவரு சம்சாரம் மூக்கம்மாக்கா மட்டும் கெடைக்கவே இல்ல. மத்த எல்லாரையும் எடுத்துட்டாக. அவரு இன்னமும் ஒரு கம்ப ஊணிக்கிட்டு ஆத்தோரமா மண்ணக் கிண்டிக்கிட்டே போறாரு. எனக்காவது ஒரு கல்லறை இருக்கு, ஒனக்குக் குடுத்து வெச்சிருக்கு மிக்கேலுன்னு சொல்லுவாரு.

— பாவமுங்க.

— மூக்கம்மாக்கா இல்லன்னா எங்க வீடு வீடாவே இருந்திருக்காது. நாங்க ஊருக்குப் போனா சாவி அவுக கையிலதான். அவுக முறி மழைக்கு ஒழுகும். காவலுக்குன்னு சொல்லிக்கிட்டு எங்க அடுப்பாங்கரையிலயே சாக்க விரிச்சுப் படுத்துக்குவாக. கதகதப்பா இருக்குமாம்.

— அண்ணா, எண்ணெய் எறங்கிருச்சு. மூடி அசையுதுங்க. நீங்களே எடுக்கறீங்களா?

— என் கை ஆகாது. நீ எடு. பாத்துட்டு உள்ளத உள்ளபடிச் சொல்லு. எனக்குப் பாவம் பாத்துப் பொய் சொல்லிராத.

— வந்துருச்சு. கொழம்பு இல்லீங்க.

— வாசம்?

— ஒரு வாசமும் இல்லீங்க. தொடச்சு வெச்ச சட்டிங்க. வெள்ளைப் பூச்சு கண்ணாடியாட்டம் இருக்குது, ஒரு கீறல் இல்ல. உள்ள ஒரு பிடி அரிசி. வண்டு விழுந்து பழுப்பேறிக் கெடக்குது. அவ்வளவுதானுங்க.

— அரிசியா?

— ஒரு பிடிங்க. ஊட்டப் பூட்டிப்போட்டு வெளியூரு போனா நாங்களும் வெப்போமுங்க, பானைய வெறுசா விட்டுப்போட்டுப் போகக் கூடாதுன்னு. உங்க பக்கத்துலயும் அந்தப் பழக்கம் உண்டுங்களா?

— உண்டு. கிறிஸ்மசுக்கு ஊருக்குப் போறப்ப வினோ ஒரு பிடி அள்ளிப் போட்டு மூடுவா. போறப்ப மட்டுந்தான். வீட்டுல இருக்கப் போடவே மாட்டா. அரிசி உருளாது தங்கச்சி. நல்லாப் பாரு.

— அரிசிக்குள்ள... இதா. மோதிரங்க. தங்கம். உள்பக்கம் எழுத்து இருக்குது, தொடைக்கறேன், இருங்க. மிக்கேல்னு இருக்குதுங்க.

— பாதர் கையால மந்திரிச்சு நான் போட்ட மோதிரம். கழுத்தப் புடிச்சாலும் கழட்ட மாட்டா. பாத்திரம் கழுவயிலகூடக் கழட்ட மாட்டா. அந்தக் கையில இது இல்லாதப்ப, மண்ணு உருவிக்கிட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன்.

— அண்ணா, உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. வந்து தொறந்து பாருன்னு அவங்க சொன்னது இதைத்தானுங்களா?

— இதத்தான். போறேன்னு வாய்விட்டுச் சொன்னா நான் காதுல வாங்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். மலை சரியறதுக்கு முந்தியே எறங்கிட்டா. என்னய விட்டுட்டுப் போயிட்டா தங்கச்சி. எங்கயோ ஒரு ஊருல அடுப்பு பத்த வெச்சுச் சமைச்சுக்கிட்டு இருக்கா. மாதாவே, உசுரோட இருக்கா.

— அழாதீங்கண்ணா. இல்ல, அழுங்க. நல்ல சேதிதானுங்களே இது. மன்னிக்காட்டி என்னுங்க, உசுரோட இருக்காங்களே.

— போறப்ப சாவிய யாருகிட்டக் குடுத்திருப்பா?

— பக்கத்து முறியிலன்னு இப்பத்தானே சொன்னீங்க. அய்யோ. அண்ணா.

— போன எடுத்து அப்புசாமின்னு இருக்க நம்பரப் போட்டுக் குடு தங்கச்சி. அவரு ஆத்துல தேடுற மூக்கம்மாக்காவுக்கு அஞ்சு வருசமா நாந்தான் மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கேன்.