ஊட்டைக் காணோமுங்க

"கதவைத் தட்டினா, ஊடே இல்லைங்குதுங்க!"

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் போனில் கத்தினார். ஏதோ கோழிப்பண்ணையில் கம்ப்யூட்டர் பார்ப்பவராம். மடியில் லேப்டாப். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், சென்னையிலிருந்து பேசிய சர்வீஸ் பெண்ணின் குரலும் பேருந்து முழுக்கக் கேட்டது.

"கேமராப் படமெல்லாம் தானா ஸ்டோரேஜ் சர்வருக்குப் போகோணுமுங்க. கனெக்‌ஷனே கிடைக்கலீங்க. பண்ணையில டிஸ்க் ரொம்பிப் போச்சு. கேமரா நின்னுச்சுன்னா முட்டை திருடறவன் யாருன்னு எப்படிங்க தெரியும்? முதலாளி என்னையத்தான் புடிப்பாரு."

"சர்வர் பேர் என்ன கொடுத்தீங்க சார்?"

"நீங்க சொன்னதுதானுங்க. முட்டைஊடு."

"முட்டைவீடு சார்."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

"வீடு சார், வீடு."

"ஆமாங்க, ஊடு."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன டைப் பண்ணீங்கன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."

"முட்டைக்கு அப்புறம் ஓ, ஓ, டி, யூ."

"வி எங்க சார்?"

"ஊட்டுக்கு எதுக்குங்க வி?"

அந்தப் பெண் "வி, டபுள் ஈ, டி, யூ" என்று நிதானமாகச் சொல்லச் சொல்ல, இவர் தட்டினார். புதுச்சத்திரம் தாண்டும்போது, "புடிச்சிருச்சுங்க! படமெல்லாம் போகுது!" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்பாடா! இனிமே எதையும் தொட்டுடாதீங்க சார்."

"இல்லீங்க. நான் நேரா ஊட்டுக்குப் போறேன்."

"ஐயோ சார், ஊட்டுக்குப் போகாதீங்க! வீட்டுக்குப் போங்க!"