எண்ணெய்க் கண்ணாடியில் சந்தனப் பொட்டு

மலேசியாவில் கைபேசி வராத காலம். ஆயுத பூஜைக்கு மறுநாள் மத்தியானம், லகாட்டிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒரே தொழிற்சாலைச் சட்டை. ஒருவன் ஃபிட்டர், மற்றவன் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பிரஸ்ஸுக்குப் பொட்டு எங்க வச்சே?" என்றான் ஃபிட்டர்.

"நெத்தி மாதிரி வட்டமா ஒரு கண்ணாடி இருந்திச்சி, மச்சான். அதுல சந்தனம் நல்லா அப்பிட்டேன்."

"டேய், அது பிரேக் எண்ணெய் பாக்குற கண்ணாடி லா! எண்ணெய் ஓடுனாத்தான் பிரேக் சூடாவாம இருக்கும். காலையில ஓடுச்சா, பாத்தியா?"

"பொட்டுதான் தெரிஞ்சிச்சி. சாமிக்கு வச்சத எப்படித் தொடைக்கிறது?"

"நிறுத்துனா டக்குனு நின்னுச்சா?"

பிரஸ்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"காலையில நின்னுச்சி. ஷிப்ட் முடியிறப்ப மேல இருக்குற அச்சு ரெண்டு விரக்கட கூட எறங்கித்தான் நின்னுச்சி."

"ரெண்டு விரக்கடயா? யார்கிட்ட சொன்னே?"

"சொல்லல. பூஜை போட்ட மெஷினு, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"கை வச்சித் தகடு எடுக்குற எடம்டா அது. இப்ப யாரு நிக்கிறா அதுல?"

"என் தங்கச்சி."

ஃபிட்டர் எழுந்து மணியை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

"எறங்கு! அந்தக் கடையில போன் இருக்கு!"

டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் நிற்கப் பத்தடி பிடித்தது. பிரஸ்காரன் அதற்குள் குதித்துவிட்டான்.