மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பலே

மேடையில் அமர்ந்திருக்கும், நாடகச் சங்கத்துக்கும் எங்கள் குழுவுக்கும் தலைவரான தாவ் யுன்ஹெங் அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் பெரியோர்களே! நெஞ்சில் துக்கத்தின் வெள்ளைப் பூவோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மீ அண்ணி அவர்களே! எங்கள் குழுவின் நடிகர்களே, முரசுக்காரர்களே, பிடில்காரர்களே! தப்பு நடந்தால் கூரை பறக்கக் கத்தும் தியன்ஜின் நகரத்து ரசிகப் பெருமக்களே! அனைவரையும் வணங்குகிறேன். தலைவர் தாவ் அவர்களை மட்டும் இரண்டு முறை வணங்குகிறேன். ஏன் இரண்டு முறை என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் கெ லாய்வாங். இந்த இசைநாடகக் குழுவின் கோமாளி. நான் என் மூக்கில் வெள்ளை வைக்கும்வரை இந்தக் குழுவில் ராஜா வேஷக்காரர்கூட முகத்தில் சாயம் தொட முடியாது. அது கோமாளிக்கு உள்ள பழைய உரிமை. அது தவிர எனக்கு வேறு பட்டமோ பதவியோ கிடையாது. ஆகவே பட்டம் பதவி உள்ளவர்கள் பூசி மெழுகிப் பேசுவதுபோல் எனக்குப் பேச வராது.

சற்று முன் தலைவர் பேசினார். என்ன அழகான பேச்சு! "மீ சாங்லூ என் தம்பி. ஒரே குருவிடம் படித்தோம். அவன் ஏறிய உயரமெல்லாம் நான் கைபிடித்து ஏற்றிவிட்டது" என்றார். கைக்குட்டையை எடுத்தார், கண்ணைத் துடைத்தார். வரும் சனிக்கிழமை 'தம்பிக்குத் தீர்ப்பு' நாடகத்தில் மீயின் நீதிபதி வேஷத்தைத் தம்பியின் நினைவாகத் தாமே போடப் போவதாக அறிவித்தார். உடனே கைதட்டல்! இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்! பின்வரிசையில் அதைத் தொடங்கியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வழக்கமாக வருகிற ஆட்கள்தான்.

அண்ணி அவர்களே, நான் இன்று அழுவதற்காக வரவில்லை. அழுகையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கணக்குத் தீர்க்க வந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மீ சாங்லூ யார்? பிறவி நடிகரா? இல்லை! குரலில் கம்பீரம் உண்டா? சுமார்தான்! நடையில் கம்பீரம்? இளமையில் அவர் மேடையில் நடந்தால் செருப்பைத் தேடுகிறவர் நடப்பதுபோல் இருக்கும். அந்த மீ சாங்லூ எப்படி இந்த மீ சாங்லூ ஆனார்? கைபிடித்து ஏற்றிவிட்டது யார்? தலைவர் சொன்னது பொய்யில்லை, மக்களே. உண்மையில் அவர்தான். எப்படி என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதை நான் சொல்கிறேன்.

அந்த நாடகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். வயதான நீதிபதி, கொலை செய்த சொந்தத் தம்பிக்குத் தீர்ப்பு எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அங்கியின் நீண்ட கைப்பகுதியை உயர்த்தி முகத்தை மறைத்து அழ வேண்டும். நான் சிறைக்காவலன், பக்கத்தில் சாவிக்கொத்தோடு நிற்பேன். மீ அந்த வேஷத்தை முதன்முதலாகப் போட்ட அன்று அரங்கு நிறைந்த கூட்டம். தீர்ப்பு எழுதினார். கையைத் தூக்கினார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்: "பலே!"

நம் ஊரில் தப்பான இடத்தில் விழுகிற பலே எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அழுகிற இடத்தில் பலே என்றால் செருப்படி. ஒருவர் தொடங்கினால் போதும், கூரைவரை பலே, பலே! அழ வேண்டியவர் அழ முடியாமல், சிரிக்க வேண்டிய நானும் சிரிக்க முடியாமல், இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காட்சியை முடித்தோம்.

திரை விழுந்ததும் மீ தாடியைக் கழற்றிப் பெட்டியில் எறிந்தார். பாதி சாயம் முகத்தில் இருக்க, தெருவுக்கு ஓடினார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்து, மேடைக்கு வைத்திருந்த மரத்தடியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். கத்தியவன் முட்டை அடை போடும் வண்டியருகே நின்று தின்றுகொண்டிருந்தான். ஸூ என்று பெயர், ஊர் அவனைப் பெருவாய் ஸூ என்று கூப்பிடும்.

மீ அவன் முன்னால் போய் நின்றார். "ஐயா, நான் கையைத் தூக்கினப்ப எது தப்பா இருந்துச்சு? சொல்லுங்க."

ஸூ என் தடியைப் பார்த்தான், மீயின் முகத்தைப் பார்த்தான். வாயில் அடை. "எனக்கென்னங்க தெரியும்? நான் நாடகத்தையே பார்க்கல. கை தூக்குறப்ப கத்துடான்னாரு, கத்துனேன்."

"யாரு சொன்னது?"

"சிகரெட்டு வாங்கிக் கொடுத்தவரு சொன்னாரு. உங்க ஆளுதான், உங்க அண்ணன்."

எழுந்து போகாதீர்கள், தலைவரே. உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். இன்னும் உங்களை நான் இரண்டாம் முறை வணங்கவில்லை.

அன்று என் ரத்தம் கொதித்தது. "வாடா, இப்பவே போய் அந்த அண்ணன் காலை ஒடிச்சிட்டு வரலாம்" என்றேன். மீ என்ன செய்தார் தெரியுமா? ஸூவுக்கு இன்னொரு அடை வாங்கிக் கொடுத்தார், இரண்டு முட்டை போட்டு! என் தடியைப் பிடுங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நடந்துகொண்டே பேசினார்.

"லாய்வாங், கொஞ்சம் யோசி. ரெண்டு மணி நேர நாடகம். அதுல கத்தறதுக்கு அந்த ஒரு இடத்தை ஏன் பிடிச்சான்?"

"உன்மேல வயித்தெரிச்சல், அதான்."

"அது சரிடா. வயித்தெரிச்சல்காரன் எங்க வேணா கத்தச் சொல்லலாமே. என் பாட்டுல கத்தச் சொல்லல, நடையில கத்தச் சொல்லல. கையில கத்தச் சொன்னான். கத்தினா கூட்டம் கூடவே வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்ப அந்த இடம் நிஜமாவே ஓட்டைடா. எனக்குத் தெரியல, உனக்குத் தெரியல, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்த ஊர்லயே நல்ல கண்ணு அவனுக்குத்தான்."

"அதுக்கு? அவனுக்கு மாலை போடணுங்கறியா?"

"அவன் கண்ணை நான் எடுத்துக்கறேன். அவன் வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறான்?"

கேட்டீர்களா? இதுதான் மீ சாங்லூ! சாது என்று இவரைப் பலர் சொன்னீர்கள். சாதுவா? ஒருவனிடமிருந்து அவன் கண்ணையே எடுத்துக்கொள்கிறவரா சாது?

அந்தக் கைக்காக அவர் அலைந்தார். மருத்துவமனை வராந்தாவில் போய் உட்கார்ந்தார். கெட்ட செய்தி கேட்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். ஓர் ஆள் மனைவி இறந்த செய்தியைக் கேட்டதும் அழவில்லையாம். கோட்டுப் பொத்தானைப் போட்டானாம், கழற்றினானாம், மறுபடி போட்டானாம். அதற்குப் பிறகுதான் முகத்தை மூடினானாம். மீ ஓடிவந்து என்னிடம் சொன்னார்: "கண்டுபிடிச்சிட்டேன்டா! நான் அழுகை வர்றதுக்கு முன்னாடியே மறைக்கறேன். இல்லாத கண்ணீரை மறைச்சா எவன் நம்புவான்?"

அடுத்த ஒத்திகையில் நீதிபதி தீர்ப்பு எழுதினார். தூரிகையை வைத்தார். எடுத்து நேராக வைத்தார். மறுபடி நேராக வைத்தார். முரசுக்காரர் கோபத்தில் கத்தினார்: "கையைத் தூக்குய்யா! நான் அடிச்சு முடிச்சாச்சு, நீ லேட்டு!" மீ சொன்னார்: "ஆமா, லேட்டாத்தான் வரும்." அதன் பிறகுதான் கை உயர்ந்தது, தானாக உயர்வதுபோல. முரசுக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது கைக்குட்டைக்கு வருகிறேன். தலைவரே, சற்று முன் நீங்கள் கைக்குட்டையை எடுத்த பிறகு கண்ணீர் வந்ததா, கண்ணீர் வந்த பிறகு கைக்குட்டையை எடுத்தீர்களா? கைக்குட்டைதான் முதலில் வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது என் மீ முப்பது வயதில் செய்த தப்பு. அவர் திருத்திக்கொண்டார். உங்களைத் திருத்தத்தான் ஒரு பகையாளி கிடைக்கவில்லை!

பலே நிற்கவில்லை, மக்களே. அடுத்த தடவை நடையில் விழுந்தது. மீ நடையைத் திருத்தினார். அதற்கடுத்து, தம்பி கையெடுத்துக் கும்பிடும்போது நீதிபதி பேசாமல் நிற்கும் இடத்தில் விழுந்தது. சும்மா நிற்பதையும் கற்றுக்கொண்டார், எத்தனை பேருக்கு அது வரும்? அவர் ஓட்டையை அடைக்க அடைக்க, தலைவர் புதிய ஓட்டையைத் தேடிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதே மேடையில் தலைவரும் ராஜா வேஷம் போட்டார். அவருக்கு எப்போதும் கைதட்டல்தான், ஏற்பாடு அப்படி. முதல் நாள் எப்படி நடந்தாரோ, நடிப்பிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலும் அப்படியே நடந்தார்.

கடைசியில் ஒரு நாள் பெருவாய் ஸூ, யாரும் அனுப்பாமல் தானே சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்தான். கை உயரும் இடம் வந்தது. நான் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தேன். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காட்சி முடிந்து, நான் தம்பி வேஷக்காரரை இழுத்துக்கொண்டு போன பிறகு, காலி மேடையைப் பார்த்து அழுதுகொண்டே கத்தினான்: "பலே!" அதுதான் என் நண்பருக்குக் கிடைத்த பட்டம். வேறு பட்டம் சங்கம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு தாவ் அவர்கள் குழுவுக்குத் தலைவரானார். முதல் வேலையாக நீதிபதி நாடகத்தை நிறுத்தினார். மீயை ஈட்டி பிடிக்கும் வீரனாகக் கடைசி வரிசையில் நிறுத்தினார். அப்போது மீ என்னிடம் என்ன கவலைப்பட்டார் தெரியுமா? "லாய்வாங், இப்ப என்னைப் பார்த்துக் கத்தறதுக்கு ஆளில்லையேடா!" அதற்காக ரென் ஷூமெய்யைப் பிடித்தார். இதோ, தூணருகே நிற்கிறாரே, பெண்ணாக இருந்தும் ஆண் வேஷத்தில் இந்த நகரம் அறிந்த நம் ஷூமெய்! ஆளில்லாத அரங்கில் மூன்றாம் வரிசையில் ஷூமெய் உட்காருவார், மீ மேடையில் நீதிபதியாக நடிப்பார். பொய்யாக ஒரு விரல் அசைந்தாலும் "பலே!" பிறகு ஷூமெய் மேடை ஏறுவார், மீ மூன்றாம் வரிசைக்கு வருவார். ஒருவரை ஒருவர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் ஷூமெய் கோபத்தில் பூட்ஸைக் கழற்றி அவர்மேல் எறிந்தார். "பூட்ஸ் வர்ற வேகம் நிஜம், அதை அப்படியே நடையில கொண்டா" என்றாராம் இந்தப் பாவி மனிதர்!

போன மாதம் அந்த நாடகத்தை மறுபடி போடுவதாக முடிவானது, தேதியும் குறித்தார்கள். அதற்குள் மீ படுத்துவிட்டார். மருத்துவமனையில் நானும் தலைவரும் கட்டிலருகே இருந்தோம். மீ சொன்னார்: "அண்ணே, என்னால முடியாது. நீதிபதியை ஷூமெய் போடட்டும்." தலைவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார்: "சரிடா தம்பி. அப்படியே ஆகட்டும். நீ இதைச் சாப்பிடு." உடம்பு சூடு ஆறுவதற்குள் சுவரொட்டி வந்தது. நீதிபதி: தாவ் யுன்ஹெங்! சாகிறவனுக்கு ஆரஞ்சோடு சேர்த்துப் பொய்யையும் ஊட்டிவிட்டீர்களே, அண்ணனே! அவன் அதையும் நம்பித்தானே கண்ணை மூடினான்!

அவன் பழிவாங்கவில்லை. அவனுக்கு அதற்கு நேரமில்லை, கற்றுக்கொண்டே இருந்தான். எனக்கு நேரம் இருக்கிறது.

சபையோரே, இரங்கல் உரையின் முடிவில் உறுதிமொழி சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறேன். முன்பொரு முறை, புதிதாக வந்த நாயக நடிகன் அவசரப்பட்டு, நான் வருவதற்கு முன் சாயத்தைத் தொட்டுவிட்டான். தலைவர் தாவ் அவர்கள் முழுக் குழுவையும் கூட்டி, கோமாளி மூக்கில் வெள்ளை வைக்கும்வரை யாரும் கண்ணாடி முன் உட்காரக்கூடாது, இது மீற முடியாத மரபு, மீறுகிறவன் இந்தக் குழுவில் இருக்கக்கூடாது என்று முழங்கினார். அந்த நாயகன் முகத்தைக் கழுவிவிட்டு எனக்காகக் காத்திருந்தான். அந்தப் பேச்சை இங்கே எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். தலைவரே, உங்களுக்கும் மறந்திருக்காது.

சனிக்கிழமை சிறைக்காவலன் நான்தான். இரண்டாம் கோமாளி இருக்கிறானே என்று நினைக்க வேண்டாம். அதோ நிற்கிறான், கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறான் பாருங்கள். சனிக்கிழமை நீதிபதியின் கண்ணாடி முன் ரென் ஷூமெய் உட்காரும்வரை என் மூக்கில் வெள்ளை ஏறாது. அதுவரை இந்தக் குழுவில் ஒரு முகத்திலும் சாயம் ஏறாது. அரங்கு நிறைந்து காத்திருந்தாலும் சரி, ரசிகர்கள் நாற்காலியை உடைத்தாலும் சரி!

இப்போது இரண்டாவது வணக்கம். தலைவரே, தாழ்ந்து வணங்குகிறேன். நீங்கள் நீடூழி வாழ வேண்டும்! பரிகாசமில்லை. ஷூமெய்யின் நடிப்பில் இன்னும் ஓட்டைகள் உண்டு. அதைத் தேடிப் பிடிக்கிற கண் இந்த ஊரில் உங்களிடம்தான் மிச்சம் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் நடு இருக்கையை உங்கள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டேன். வந்து உட்காருங்கள். பொய்யான இடம் வந்தால் வாய்விட்டுக் கத்துங்கள், இந்த முறை ஆள் அனுப்பாமல் சொந்த வாயால். ஒவ்வொரு நாளும் கத்துங்கள். நீங்கள் கத்தக் கத்த அவர் வளர்வார், அதைக் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள்.

அரங்கக் கதவு ஐந்து மணிக்குத் திறக்கும். மூக்கில் வெள்ளை வைக்கும் என் தூரிகை இதோ, இந்தச் சட்டைப் பையில்தான் இருக்கிறது.