ஒன்பதாவது நன்றியுரை

விழாவில் நன்றியுரை சொல்கிறவனுக்கு ஆறின சோறுதான் கிடைக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை, சூடாகச் சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பார்கவி மேடம், என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் மதலைமுத்து. கோலார் தங்கவயலில் பிறந்தவன். ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றேன். ஒக்கலிபுரத்தில் குடியேறிய எங்கள் ஊர் ஆட்கள் சேர்ந்து நடத்தும் பரிணாம வட்டத்துக்கு நான்தான் செயலாளர். வருடா வருடம் டார்வின் பிறந்த நாளுக்கு விருந்து வைப்போம். உயிரியல் அறிஞர் ஒருவர் வந்து பேசுவார், பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். மண்டபம் பிடிப்பதிலிருந்து நாற்காலி துடைப்பது வரை என் வேலை. நிகழ்ச்சி நிரலில் என் பெயர் ஒரே இடத்தில் வரும், கடைசி வரியில்.

எட்டு வருடம் விழா அந்த வரி வரைக்கும் போனதே இல்லை. தலைவர் இளங்கோவன் மைக்கை வாங்கி, "இலை போட்டாச்சு, நன்றிய மனசுல வெச்சிக்குவோம்" என்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்துவிடும். எழுதிய எட்டு உரையும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. எரிச்சல் மண்டிக்கொண்டு வரும். யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

இந்த வருடம் டாக்டர் நிக்கோல் வந்தார். எறும்புகளை ஆராய்கிறவர், அவரும் தங்கவயல் பெண்தான். வேர்க்கடலை துளி பட்டாலும் தனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதற்கான ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும் என்று முன்கூட்டியே எனக்கு எழுதியிருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். மனதாரத்தான் எழுதினேன். சமையல் செய்த கேத்தரினிடம் சொல்லி, கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு பாத்திரத்தில் வைக்கச் செய்தேன். கடலைப்பொடி போடாதது சின்னத் தூக்குச் சட்டியில் இருந்தது. அவர் பேச மேடையேறியதும், நாற்காலியில் விட்டுப்போன கைப்பை திருட்டுப் போகாமலிருக்க, எடுத்து அலுவலக அறையில் வைத்துப் பூட்டினேன்.

அவர் அருமையாகப் பேசினார். இளங்கோவனிடம் அன்று காலையிலேயே கறாராகச் சொல்லி வைத்திருந்ததால், முதல்முறையாக மைக் என் கைக்கு வந்தது. ஆறு நிமிட உரை. இரண்டாம் பக்கம் முழுக்க நிக்கோலைப் பற்றித்தான் எழுதியிருந்தேன், மூன்று முறை திருத்தி. சபைக்கு வணக்கம் என்று நான் தொடங்கியதும் அவர் என் தோளைத் தொட்டார்.

"அங்கிள், நமக்குள்ள என்ன தேங்க்ஸ்? பாவம், எல்லாருக்கும் பசிக்குது."

அன்பாகத்தான் சொன்னார். கூட்டம் கைதட்டி எழுந்தது.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். விருந்தினருக்கு நானே பரிமாறப் போனேன். தூக்குச் சட்டி இடது பக்கம் இருந்தது. நான் வலது பக்கத்துப் பெரிய பாத்திரத்திலிருந்து மொண்டேன்.

"இது எனக்குத் தனியா வெச்சதுதானே அங்கிள்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, உனக்குன்னே செஞ்சது. சாப்பிடு" என்றேன்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு பையைக் கேட்டார். மேடையிலும் மேசைக்கு அடியிலும் தேடினார்கள், ஒரே அமளி. இளங்கோவன் என்னிடம் ஓடி வந்து பை எங்கே என்றார். காரில் பார்க்கச் சொன்னேன். பிறகு மைக்கை எடுத்து, யாரும் அவரைச் சுற்றி நிற்க வேண்டாம், காற்று வரட்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, அவரவர் இடத்தில் உட்காருங்கள் என்று நிதானமாகச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். எண்பது பேரும் சோற்றை மறந்து என் வாயையே பார்த்தார்கள். அறைச் சாவி என் சட்டைப்பையில், அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தது. ஆம்புலன்ஸ் வரப் பதினாறு நிமிடம் ஆனது. அதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆறு நிமிடம் பொறுத்திருந்தால் தன்னைப் பற்றி நான் எழுதியதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த உரையையும் இதோடு இணைத்திருக்கிறேன். கோர்ட்டில் இதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார்களாமே. நடுவில் யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.