பூரணி காத்த கேள்விகள்

மேடையிலிருக்கும் தலைவி மீனம்மா அவர்களே, பூரணியின் கணவர் அழகன் அவர்களே, இந்த மழையிலும் பூண்டுலோயா வரை இறங்கி வந்திருக்கும் தோட்டத்து மக்களே! கணினி நிலையத்தின் செயலாளர் நடராசா பேசுகிறேன்.

நம் கணினி ஆசிரியை பூரணி அவர்கள் போய்விட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லையே! அவரைக் கொண்டுபோன நோய்க்குக் கண்ணே இல்லையா?

அவர் அப்படி என்னதான் செய்தார் என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். சொல்கிறேன். நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டினால், கணினிக்கு அந்தப் பெயர் புரியாது. "இந்தப் பெயருக்கு எந்த இலக்கம்?" என்று வெளியே இன்னொரு கணினியிடம் கேட்கும். அந்தக் கேள்வி மூடாமலே போகும். வழியில் இருப்பவர் எவரும் பார்க்கலாம். நம் நிலையத்துக்கு அன்று இணைப்பு வந்ததோ தோட்ட அலுவலகத்தின் வழியாக. நம் கடிதங்களும் அங்கேதானே வருகின்றன! லயத்து வரிசை வீடுகளுக்கு ஏது தனி முகவரி?

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, ஒரு காலை. பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலை பிரித்து வாங்க நிற்கிறார்கள். வகுப்பு நேரத்தைச் சொல்லப் பூரணியும் வந்திருந்தார். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வேடிக்கையென்று நினைத்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "யாரும்மா அது, நேத்து சென்டர்ல ஒக்காந்து, அடி வாங்குற பொம்பளைங்களுக்கு அடைக்கலம் குடுக்குற எடத்தத் தேடுனது?"

தேடிய பெண் அங்கேதான் நின்றார். அவரை அடிக்கிற கணவனும் அங்கேதான் நின்றான். அவன் மெல்லத் தன் மனைவி பக்கம் திரும்பினான்.

"நான்தாங்க தேடுனேன்" என்றார் பூரணி.

களமே சிரித்தது! அழகன் அவர்களே, அதிர்ந்துகூடப் பேசாத மனிதர் நீங்கள். உங்களைக் கடைத்தெருவில் பிடித்து, "என்னாப்பா, பொண்டாட்டியப் போட்டு அந்த அடி அடிக்கிறியாமே?" என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். உண்மை தெரிந்தும் நீங்கள் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு இந்தச் சபையில் தலை வணங்குகிறேன்.

அன்று மாலையே பூரணி கிளாக்கரிடம் போனார். நானும் கூடப் போனேன். "உள்ளுக்க ஒண்ணும் படிக்கலியேம்மா, பேரத்தானே பார்த்தேன்" என்றார் அவர்.

"கடுதாசியப் பிரிக்காட்டியும், எங்க போவுதுன்னு பார்த்துட்டீங்கள்ல ஐயா? ஒரு பொம்பளைய அடிச்சுக் கொல்ல அது போதுங்க."

கிளாக்கர் கெட்டவர் அல்லர். அதன்பின் அவரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும் வழியில், "இனி ஒருத்தரும் பாக்கேலாத மாதிரிச் செய்யலாமோ, பிள்ளை?" என்று கேட்டேன். "செய்யலாம் சேர். கொஞ்சம் படிக்கணும்" என்றார். படித்தார்! கொழும்பிலிருந்த நண்பரின் கணினி வரைக்கும் பூட்டிய வழி ஒன்றை அமைத்தார். நம் கேள்விகள் எல்லாம் அதற்குள் மறைந்து போயின. அலுவலகத்துக்கு வெறும் கிறுக்கல்தான் தெரிந்தது. யார் என்ன தேடினார் என்ற எந்தப் பதிவும் நம் நிலையத்திலும் தங்காதபடி செய்தார். டயகமவுக்கும் உடப்புசல்லாவைக்கும் பஸ் ஏறிப்போய் அங்குள்ள நிலையங்களிலும் அதையே அமைத்துக் கொடுத்தார். இதற்கெல்லாம் யார் அவருக்கு மாலை போட்டோம்?

அந்தப் பெண் யார்? சொல்ல மாட்டேன். சொன்னால் பூரணியே எழுந்து வந்து என்னை ஏசுவார். களத்தில் அது நடந்த மறுவாரமே அந்தப் பெண் பிள்ளைகளோடு அந்த அடைக்கல இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இன்று சொந்தக் காலில் நிற்கிறார். இதைச் சபையில் சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

நிலையம் நாளையும் திறந்திருக்கும். பூரணி படிப்பித்த பிள்ளைகள் நடத்துவார்கள். வேகமான இணைப்புத் தருகிறோம், யார் என்ன தேடுகிறார் என்று மட்டும் காட்டுங்கள் என எவர் வந்தாலும் காட்ட மாட்டோம்! காட்டவே மாட்டோம்! பூரணி அவர்களே, இது நாங்கள் உங்களுக்குத் தரும் வாக்கு.

இன்று காலை, துக்கத்துக்காக நிலையத்தைப் பூட்டப் போனேன். மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் ஒரு பெண் நின்றார். "மிஸ் இல்லாட்டியும் உள்ள வந்து தேடலாங்களா?" என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்டு நான் வெளியே நின்றேன். அவர் தேடி முடித்து, முகம் தெளிந்து போனார். என்ன தேடினார் என்று எனக்குத் தெரியாது.