தூக்குவாளியில் சுறாப்புட்டு

அலோ... அலோ, சம்பந்தியா? கலியபெருமாள் பேசறேன்... ஆமா ஆமா, கடலூர்லேருந்து வந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடை போன்ல இருக்கேன். ஹார்பர் ஆபீஸ்ல ரிட்டையர் ஆனவன், என்னையே வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்கறான்... என்னா? நீங்கதான் சொல்லி வச்சீங்களா?... ஏன்?

...ஆமா, தூக்குவாளியில சுறாப்புட்டுதான். பால் சுறா. புள்ள பெத்தவளுக்கு எங்க சனம் வேற என்னா குடுக்கும்? பேரனுக்குப் பால் பத்தல, பவுடர் கரைக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க! என் வூட்டுக்காரி அமராவதி விடியக்காலமே எழுந்து, முள்ளெடுத்து, உதுத்து, பூண்ட அள்ளிப் போட்டுக் கிண்டியிருக்கா. பஸ்ல கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதிலா ஒரு வாய் கேட்டான் சம்பந்தி, சத்தியமா!... பொய்யில்லீங்க. டிரைவரும் கேட்டான்.

...நாத்தமா? ஐயய்யோ! உங்க வூட்டு விருந்துல ஈசல வறுத்து அரிசியோட கலந்து வச்சீங்களே, நான் எதுனா சொன்னனா? கண்ண மூடிக்கிட்டு முழுங்குனேன். அன்னைக்கு ராவெல்லாம் வயித்துக்குள்ள கூட்டம் கூட்டமா பறந்துச்சு. வாயத் தொறந்தா வெளிய வந்துடுமோன்னு பேசவே பயந்தேன்!... சிரிக்கறீங்களா?... சிரிக்கலயா. சரி.

...ம்... ம்... மெதுவாப் பேசுங்க, கொழந்த முழிச்சிக்கும்... என்னா சொன்னீங்க?... சுறா பொணத்தத் தின்னுச்சா?

...நிறுத்துங்க சம்பந்தி. சுனாமி வந்ததுலேருந்து ஊரே இதத்தான் சொல்லுது. மார்க்கெட்ல எங்க பொம்பளைங்க கூடைய வச்சிக்கிட்டு ஈ ஓட்டறாங்க. இப்ப நீங்களுமா?... சுறா பந்தியில ஒக்காந்தத நீங்க பாத்தீங்களா? நீங்கதான் எல போட்டீங்களா?... பொங்கல் கழிச்சுத்தான், இந்தச் சுறாவப் புடிச்ச எங்க தெரு பக்கிரியே கட்டுமரத்த எறக்குனான். வாங்க ஆளில்லாம... இந்தாங்க, குணசுந்தரி என் பொண்ணு. அவ கையில போனக் குடுங்க. அவ வேணாம்னு சொல்லட்டும், அடுத்த பஸ்ஸப் புடிச்சிப் போயிடறேன்... ஆமா. பேச்சு மாற மாட்டேன். குடுங்க.

...குணா! கேட்டியா உங்க மாமனாரு சொல்றத... ஆமாண்டி, அம்மா செஞ்ச புட்டு, நீ வழிச்சி வழிச்சி... என்னா?

...ரத்தினம் அத்தையக் கேக்கறியா?... இல்லடி. என் தங்கச்சி இன்னும் கெடைக்கல. அலை இழுத்துக்கிட்டுப் போனதுதான்... எல்லா ஊர்லயும் பாத்துட்டோம்.

...அழாத. மடியில புள்ளய வச்சிக்கிட்டு... அழாதம்மா. இது குட்டிச் சுறாடி, இது போயி... சரி. சரி. சொல்லல. சொல்லலம்மா.

...ம்?... நானா?...

...அம்மா தட்டுல வைக்கத்தான் வச்சா...

...இல்லடி. நானும் திங்கல. கை போவல.

...இல்ல, பஸ் ஏறல. உன்னப் பாக்காம எப்பிடிப் போவேன்? மாமனார்கிட்ட சொல்லு... மேல வரேன். வெறுங்கையோட வரேன். வச்சிடறேன்.