ஆர்லோவின் முறை எங்கே, ஐயா?

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் நீட்டி முழக்கினால் அடிப்பதற்கென்றே மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நூலகர் ஐடா ப்ரூகர் அம்மையார் அவர்களே! ஜெபத்தைச் சுருக்கி எங்கள் பசியை மதித்த போதகர் லிண்ட்குவிஸ்ட் ஐயா அவர்களே! கேக்கோடு வந்திருக்கும் தாய்மார்களே, கேக்குக்காகவே வந்திருக்கும் தந்தைமார்களே! இரண்டு வரிசையில் அமர்ந்து இருபது வரிசைச் சத்தம் போடும் செல்வங்களே! எல்லோருக்கும் மேலாக, பதினொரு பேஸ்பால் கதைகள் எழுதி, நெப்ராஸ்காவின் பிள்ளைகளைக் கோழிக்குத் தீவனம் வைக்கவும் மறக்கச் செய்த எழுத்தாளர் மெர்வின் டால்கிரென் ஐயா அவர்களே! இந்த வெர்னா ஒஸ்டர்கார்டின் பணிவான வணக்கம்.

வந்திருப்போர்: பெரியவர்கள் முப்பத்தொருவர், பிள்ளைகள் இருபத்தாறு, கைக்குழந்தைகள் இரண்டு, மேசைக்கடியில் போதகரின் நாய் ஒன்று. எண்ணிவிட்டுத்தான் மேடையேறினேன். வராத பிள்ளை ஒருத்தி. பத்து வயது லவோன் கெஸ்லர். அவளுக்காகத்தான் பேச வந்தேன்.

நான் பள்ளியில் அதிகம் படித்தவளில்லை. வேதாகமம் நானாகப் படித்தது. பேஸ்பாலோ, இஸ்திரி போடும்போது வானொலி கேட்டுக் கேட்டுப் படிந்தது. யார் அடித்தார், யார் அவுட் ஆனார் என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் கட்டம் போட்ட நோட்டில் குறித்துவிடுவேன். அங்கே சிரிப்பவர் என் கணவர். சிரியுங்கள், சிரியுங்கள்! போன ஞாயிறு ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்று என்னைத்தானே கேட்டீர்கள்?

பிள்ளைகள் ஏன் இந்தக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறார்கள்? பாடப் புத்தகத்தைக் கண்டால் வயிற்று வலி வருகிறது. இந்தப் புத்தகத்தைக் கண்டால் வந்த வலியும் போய்விடுகிறதே, என்ன மாயம்? அதில் வீரன் இருக்கிறான் என்பதாலா? வெற்றி இருக்கிறது என்பதாலா? நானும் அப்படித்தான் நம்பினேன், மூன்று வாரம் முன்புவரை.

என் மகன் டுவைட் ஊர்ப் பிள்ளைகள் அணியின் தலைவன். அதோ, நாற்காலிக்கடியில் தொப்பி தேடுகிறானே, அவன்தான். தொப்பி உன் தலையில்தான் இருக்கிறது, எழுந்திரு! அந்த அணியில் லவோன் ஒன்பதாவதாக, அதாவது வரிசையில் கடைசியாக, மட்டை பிடிப்பவள். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஆட்டம். இக்கட்டான கட்டத்தில் அவள் முறை வந்தது.

"லவோன், நீ உக்காரு. உனக்குப் பதிலா கர்ட் அடிக்கட்டும்."

"டேய், என் முறைடா!"

"ஒம்பதாவது ஆளத் தாண்டலாம். டால்கிரென் புக்லயே அப்படித்தான் இருக்கு. போய்ப் படிச்சுப் பாரு!"

அவள் போய்ப் படித்துப் பார்த்தாள். மறுநாள் காலை என் சமையலறை மேசைமேல் ஐயாவின் பதினொன்றாவது கதை வந்து விழுந்தது.

"மிசஸ் ஒஸ்டர்கார்ட், ஆர்லோ எங்க போனான்?"

ஆர்லோ யாரென்று ஐயாவுக்கே மறந்திருக்கலாம். மூக்குக் கண்ணாடி போட்ட பையன். பந்து வராத வலது மூலையில் நிற்பவன். ஒன்பதாவதாக மட்டை பிடிப்பவன். கதை முழுவதும் அவனுக்குப் பதினேழே வரி. லவோன் எண்ணி வைத்திருக்கிறாள். வீரன் ரஸ் தோர்ன்பியோ முதலாவதாக மட்டை பிடிப்பவன்; ஒன்பதாவது ஆளுக்குப் பிறகுதான் மறுபடி அவன் முறை.

பின்னட்டைப் படத்தில் அத்தனை அழகான தொப்பி போட்ட எழுத்தாளர் தவறுவாரா என்று முதலில் நானும் நம்பவில்லை. நோட்டை எடுத்தேன், பென்சிலைச் சீவினேன், முழு ஆட்டத்தையும் கட்டத்தில் இறக்கினேன். கடைசிச் சுற்று. ஒரு ஓட்டம் குறைவு. ஆறாவது ஆள் அவுட். ஏழாவது ஆள் அடித்துவிட்டுத் தளத்தில் நிற்கிறான். எட்டாவது ஆள் அவுட்; இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. இனி ஆர்லோ வர வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் ரஸ் நிற்கிறான்! பந்து வேலி தாண்டுகிறது, ஊரே ஆடுகிறது, ஆர்லோவைக் காணோம்!

என் வீட்டு வாசலில் பிள்ளைகளின் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"அப்ப ரஸ் அடிச்சது செல்லாது! ஆர்லோ அவுட்டு, ஆட்டம் தோத்தாச்சு!"

"எதிர் டீம்காரன் கேட்டானாடா? முறை தப்பி அடிச்சத அவன் கேட்டாத்தான் அவுட்டு. செல்லும், போ!"

"ஏம்மா வெர்னா," என்று என் கணவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து, "கதையில நடந்ததுக்கு அம்பயர் எங்கேருந்து வருவான்?" என்றார்.

லவோன் மட்டும் சத்தம் போடவில்லை. "ஜெயிச்சதா தோத்ததான்னு நான் கேக்கல. ஆர்லோ மட்டையோட எந்திரிச்சானா, இல்ல உக்காந்தே இருந்தானா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினேன், புத்தகத்தில் அது இல்லை. புத்தகத்தை விட்டுவிட்டுப் போனாள். அதன்பின் இரண்டு சனிக்கிழமைகள் கடந்துவிட்டன. நூலகத்துக்கும் வரவில்லை, மைதானத்துக்கும் வரவில்லை.

டால்கிரென் ஐயா, தண்ணீர் குடியுங்கள். என்ன சொன்னீர்கள்? அச்சகத்தார் தவறா? பாவம், அவர்கள் மீது போடாதீர்கள்! எட்டாவது ஆள் பெயர்கூடச் சரியாக அச்சாகியிருக்கிறதே. இன்னொருமுறை சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "அவன விட்டா அவுட் ஆயிருப்பானேம்மா" என்கிறார்!

ஆகட்டும் ஐயா! அவுட் ஆகட்டும்! மூன்று முறை காற்றை அடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பட்டும்! வீரனுக்கு ஒரு முறை, விகாரமாய் ஓடுபவனுக்கும் ஒரு முறை. பயந்தவனும் மட்டையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அவனுக்காக இன்னொருவன் நிற்க முடியாது. எந்தப் பிள்ளை கதை படிக்கும்போது ரஸ்ஸைப் பார்த்து "இது நான்" என்கிறது? வாயால் அப்படிச் சொல்லும். வயிற்றுக்குள்ளே, எண்ணிக்கொண்டே இருக்கும்: இன்னும் மூன்று பேர், இன்னும் இரண்டு பேர், ஐயோ, அடுத்தது நான்! அந்த நடுக்கத்துக்காகத்தானே ஐயா பக்கம் புரட்டுகிறார்கள்! கர்த்தர் நம் தலைமயிரையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறார். நீங்கள் எண்ண வேண்டியது ஒன்பது பேர்தான் ஐயா, ஒன்பதே பேர்!

கை தட்டுவதை நிறுத்துங்கள், கைக்குழந்தை விழித்துக்கொள்ளும்.

டுவைட்டை நான் அதட்டாமலா இருந்தேன்? அதட்டினேன். "எழுதினவரே சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறான். பெற்றவள் சொல்லைக் கேட்காதவன் நீங்கள் எழுதியதை வேதமாக வைத்திருக்கிறான். அவ்வளவு அதிகாரம் உங்கள் பேனாவுக்கு! எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பொறுத்துக் கேட்ட சபைக்கும், மணியடிக்காத தலைவிக்கும், கேலியைச் சிரித்து ஏற்ற டால்கிரென் ஐயாவுக்கும் என் நன்றியும் வணக்கமும்.

ஐயா, பெரிய கடிதம் வேண்டாம். ஆர்லோ எழுந்தானா, அடித்தானா, என்ன ஆனான்? நான்கு வரி போதும். லவோன் பெயருக்கே எழுதுங்கள். வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பக்கத்து ஊரோடு ஆட்டம். வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள் பதில் வந்து சேர வேண்டும்.